சாணித்தாளில் வந்த வேதாளம்

தூங்கிக்கொண்டிருக்கும் ராஜா விக்கிரமாதித்தனின் தலையை வெட்டி எடுத்துக்கொண்டு காளி கோயிலுக்குப் போகிறான் மந்திரி பட்டி. இரண்டாயிரம் வருஷ ஆயுள் வரத்துக்குக் காளி கேட்ட விலை அது. தலையை அவள் காலடியில் வைத்ததும் பட்டிக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. ராஜாவுக்கு இந்திரன் கொடுத்தது ஆயிரம் வருஷம், அது இன்று ராத்திரியே முடிந்துபோனது, நீ கொடுத்ததும் இந்த லட்சணத்தில்தானே இருக்கும் என்கிறான். காளி வெட்கப்பட்டு ராஜாவை உயிரோடு எழுப்பித் தருகிறாள். இனி ராஜாவுக்கு ஆயிரம், மந்திரிக்கு இரண்டாயிரம். இந்தக் குறைக்கும் பட்டியிடம் வழி உண்டு. சிம்மாசனத்தில் உட்கார்ந்து ஆளும் நாளுக்குத்தானே ஆயுள் கணக்கு? வருஷத்தில் ஆறு மாதம் நாட்டை ஆண்டுவிட்டு ஆறு மாதம் காட்டில் திரிந்தால் ஆயிரம் இரண்டாயிரமாகிவிடும். காடாறு மாதம், நாடாறு மாதம் என்று ஊர் இன்றும் பேசிக்கொள்வதன் கணக்கு இதுதான்.

தலைவெட்டும் கணக்கு வழக்கும் கிண்டலும் ஒரே மூச்சில் கலந்த இந்தச் சரக்கைத் தமிழ்நாட்டில் நூறு வருஷத்துக்கும் மேலாக விற்றவை பெரிய எழுத்துப் புத்தகங்கள். பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை, பெரிய எழுத்து மதனகாமராஜன் கதை, நல்லதங்காள் கதை, அல்லி அரசாணி மாலை, மயிலிராவணன் கதை என்று நீளும் வரிசை அது. சாணித்தாள், மங்கலான மஞ்சளிலோ ரோஸிலோ ஒரு மேலட்டை, அதில் கிரீடமும் வாளுமாக ஒரு கோட்டுப்படம், உள்ளே கண்ணாடி போடாத கிழவரும் எழுத்துக் கூட்டிப் படிக்கும் பையனும் சிம்னி விளக்கில் படிக்கக்கூடிய பருத்த எழுத்து. சென்னை கொண்டித்தோப்பில் இருந்த பி. இரத்தின நாயகர் அண்டு சன்ஸ் இந்த வரிசைக்குப் பேர்போன கடை. ஆர்.ஜி. பதி கம்பெனி இன்னொன்று.

இவை அச்சேறியதற்குப் பின்னால் இரண்டு சட்டங்கள் உண்டு. 1835இல் தற்காலிக கவர்னர் ஜெனரல் மெட்காஃப் காலத்துச் சட்டம் அச்சகம் வைக்க இருந்த கெடுபிடிகளைத் தளர்த்தியது. அதுவரை பெரும்பாலும் கம்பெனியாரும் பாதிரிமாரும் வைத்திருந்த அச்சு இயந்திரம் உள்ளூர்க்காரர் கைக்கும் தாராளமாக வந்தது. 1867இல் வந்த சட்டம் அச்சாகும் ஒவ்வொன்றையும் பதிவு செய்யச் சொன்னது, பிரதி கொடுக்கவும் சொன்னது. அரசாங்கத்தின் நோக்கம் யார் என்ன அச்சடிக்கிறார்கள் என்று கண்காணிப்பதுதான். ஆனால் உள்ளூர்ப் பண்டிதர்கள் கையால் தொடக் கூசிய காலணாப் புத்தகங்கள் லண்டன் நூலகத்தில் பத்திரமாக அடுக்கப்பட்டதற்கும் அந்தச் சட்டமே காரணம்.

விக்கிரமாதித்தனுக்குக் கதை சொல்லும் தமிழ் வேதாளம் அதற்கு முன்பே கடல் கடந்துவிட்டது. வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையை 1822இல் லண்டனில் அச்சிட்ட பெஞ்சமின் கை பாபிங்டன், 1831இல் தமிழ் வேதாளக் கதையையும் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். சென்னையில் கம்பெனி உத்தியோகம் பார்த்துவிட்டு, ஊர் திரும்பி மருத்துவரானவர் அவர். தொண்டைக்குள் எட்டிப்பார்க்கும் கண்ணாடிக் கருவி ஒன்றை 1829இல் செய்துகாட்டியதற்காக மருத்துவ வரலாற்றிலும் அவருக்கு இடமுண்டு. பிணத்தின் வாய் வழியாகக் கதை சொல்லும் வேதாளத்தை மொழிபெயர்த்தவருக்குக் குரல்வளையின் மேல் வந்த ஆசை பொருத்தமானதுதான். மதனகாமராஜன் கதையை 1886இல் ஆங்கிலமாக்கியவர் பண்டித நடேச சாஸ்திரி.

சென்னை பார்க் டவுன் பக்கம் இருந்த குஜிலி பஜார் இந்த வியாபாரத்துக்குப் பெயரையே கொடுத்தது. குஜிலிப் புத்தகம் என்றால் படித்தவர்கள் முகம் சுளிப்பார்கள். ரயில் கவிழ்ந்தால் ஒரு சிந்து, பூகம்பம் வந்தால் ஒரு சிந்து, கொலை விழுந்தால் ரத்தம் காயுமுன் ஒரு கொலைச் சிந்து. அரையணா, ஓரணா விலை. சந்தையிலும் திருவிழாவிலும் ரயிலடியிலும் ராகம் போட்டுப் பாடியே விற்பார்கள். குப்பை என்று ஒதுக்கப்பட்ட இந்தக் குவியலைத் தேடிப்பிடித்து, அதற்கு ‘முச்சந்தி இலக்கியம்’ என்ற தலைப்பிலேயே புத்தகம் எழுதியவர் வரலாற்றாசிரியர் ஆ.இரா. வேங்கடாசலபதி.

கதைப்பாடல்களுக்குப் பெரும்பாலும் ஆசிரியர் கிடையாது. இருந்தே ஆகவேண்டும் என்றால் புகழேந்திப் புலவர் தலையில் கட்டிவிடுவார்கள். நளவெண்பா பாடிய புலவர் நல்லதங்காளையும் அல்லியையும் பவளக்கொடியையும் பாடியிருக்க வாய்ப்பே இல்லை என்பது பதிப்பாளருக்கும் தெரியும். செத்துப்போன புலவர் சன்மானம் கேட்டு வரமாட்டார் என்பதும் தெரியும்.

படங்களின் கதையும் அப்படித்தான். ஒரு அச்சுக்கட்டை செய்யச் செலவாகும். செய்ததைத் தேயும்வரை அடிக்க வேண்டும். ஆகவே ஒரு கதையில் தர்பாரில் உட்கார்ந்திருந்த ராஜா அடுத்த கதையில் வேறு பெயரோடு அதே தர்பாரில் அதே மீசையோடு உட்கார்ந்திருப்பார். பின்னணியில் தூணும் வளைவும் மடித்துக் கட்டிய திரைச்சீலையும் நாடகக் கொட்டகையிலிருந்து நேராக வந்தவை. பூதமும் அரக்கியும் மட்டும் கொட்டகைக்கு அடங்காமல் பல்லை நீட்டிக்கொண்டு சட்டத்தை இடித்துக்கொண்டு நிற்பார்கள். கோடு கோணலாக இருக்கும், கை உடம்பை விட நீளமாக இருக்கும். அந்தக் கோணலில்தான் பயம் இருந்தது என்று தோன்றுகிறது. பின்னால் அச்சுக்கலை முன்னேறி அழகான வண்ண அட்டைகள் வந்தபோது அரக்கர்கள் சாதுவாகிவிட்டார்கள்.

சென்னையில் அச்சான இவை வெளியூர் போன வழியைப் பார்க்க ஒரு வட்டாரத்தை எடுத்துக்கொள்வோம். வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று நீளும் தோல் பதனிடும் வட்டாரத்திலிருந்து பார்த்தால் இந்தப் புத்தகச் சந்தை அப்படியொன்றும் தூரமில்லை. பேரணாம்பட்டுக்கு ரயில் கிடையாது. மேல்பட்டிக்கோ குடியாத்தத்துக்கோ ஆம்பூருக்கோ வந்து ஏறவேண்டும். 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடத் தொடங்கிய ரயில்பாதை பிறகு இந்தப் பக்கமாக நீண்டது. தோல் வியாபாரத்துக்குச் சென்னையில் தலைநகர் பெரியமேடு. அன்று சென்ட்ரலில் இறங்கினால் ஒரு பக்கம் பெரியமேட்டுத் தோல் மண்டிகள், ஒட்டினாற்போல் 1900இல் திறந்து 1985இல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டின் பழைய புத்தகக் கடைகள், எட்டி நடந்தால் குஜிலி பஜார். ஆவாரம்பட்டையில் பதம்பண்ணிய தோல் போன பாதையில்தான் வேதாளமும் திரும்பி வந்தாக வேண்டும்.

வந்த இடத்தில் அதற்கு அந்நியம் இல்லை. இது தெருக்கூத்து நிலம். வட ஆர்க்காட்டில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பாரதமும் கூத்தும் விடிய விடிய நடக்கும். பாதாளத்தில் ஆளும் மாயக்காரன் மயிலிராவணன் விபீஷணன் வேஷத்தில் வந்து, அனுமன் வாலால் கட்டிய கோட்டைக்குள் புகுந்து, ராமனையும் லட்சுமணனையும் தூக்கிக்கொண்டு போகும் கதையை இங்கே புத்தகம் வாங்கித்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதில்லை. மீன் வயிற்றில் பிறந்த தன் மகனோடு அனுமன் மல்லுக்கு நிற்பதும், மயிலிராவணன் உயிர் வண்டுகளுக்குள் ஒளித்துவைக்கப்பட்டிருப்பதும் மேடையில் பார்த்ததுதான். புத்தகம் பார்த்ததை மறுபடி நினைவூட்டியது. தோல்பாவைக் கூத்திலும் மயிலிராவணனும் நல்லதங்காளும் உண்டு. தோலை ஆட்டுக்காரனிடமிருந்து வாங்கி பூட்ஸாக்கும் ஊர்களில், அதே ஆட்டுத்தோல் விளக்குக்குப் பின்னால் அரக்கனாகி ஆடியதைச் சொல்லாமல் விட முடியவில்லை.

பேரணாம்பட்டின் பக்கத்து ஊரான குடியாத்தத்தில் வைகாசி முதல் நாள் நடக்கும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, எந்தப் பெரிய எழுத்துப் புத்தகத்தையும் மிஞ்சும். முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மனின் தலை மட்டும் ஊர்வலமாகப் புறப்படும். பெருங்கூட்டம் நடுவே மிதந்து வந்து கோபாலபுரம் கெங்கையம்மன் கோயிலை அடையும். அங்கே சண்டாளச்சி உடல் என்று சொல்லப்படும் உருவத்தின் மேல் அந்தச் சிரசைப் பொருத்துவார்கள். பின்னணியில் இருப்பது ரேணுகை கதை. ஜமதக்கினி சொற்படி பரசுராமன் தாயின் தலையை வெட்டுகிறான். உயிர்ப்பிக்கும்போது அவசரத்தில் அவள் தலை வேறொரு பெண்ணின் உடலில் ஒட்டிக்கொள்கிறது. யார் தலை மேல், யார் உடல் கீழ் என்பதில் சாதியின் கணக்கு பச்சையாகத் தெரிகிறது. பாட்டும் பம்பையுமாக அதை ஊரே சேர்ந்து கொண்டாடுகிறது.

வேதாளத்தின் கதைகளிலும் இதே தலைமாற்றம் உண்டு. காளி கோயிலில் தலை துண்டித்துக்கொண்ட இரண்டு ஆண்களை, அவர்களில் ஒருவனின் மனைவி தப்புத் தப்பாக ஒட்டிவிடுகிறாள். இப்போது யார் புருஷன் என்று வேதாளம் கேட்கிறது. எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்ற முறையில் ராஜா தீர்ப்பு சொல்ல, வேதாளம் முருங்கை மரம் ஏறிவிடுகிறது. ரேணுகை கதை பிரெஞ்சுப் பயணி சொன்னெரா 1782இல் வெளியிட்ட நூல் வழியாக ஐரோப்பா போய் கதேயின் பறையர் கவிதைகளுக்கு விதையானது. வேதாளத்தின் கதையை வைத்து 1940இல் தாமஸ் மன் ஒரு குறுநாவல் எழுதினார். அதைத் தொட்டு கிரீஷ் கர்னாட் ஹயவதனா நாடகம் எழுதினார். உயர்ந்த இலக்கியம் என்று இவற்றைப் பாடம் வைத்தவர்களில் எத்தனை பேர் ஓரணாப் பதிப்பைக் கையில் எடுத்திருப்பார்கள்!

பேரணாம்பட்டுத் தோல் வியாபாரக் குடும்பங்களில் பல வீட்டில் உருது பேசுபவை. உருதுவுக்கும் தனிச் சரக்கு உண்டு. லக்னோவின் நவல் கிஷோர் அச்சகம் 1883 முதல் வெளியிட்ட திலிஸ்மே ஹோஷ்ரூபா, மந்திரவாதிகளும் மாயக்கோட்டைகளும் நிறைந்த பல்லாயிரம் பக்க அரக்கக் கதை. தமிழ் முஸ்லிம்களிடம் நூறு மசலா இருந்தது. விடுகதை மேல் விடுகதை போடும் இளவரசிக்கு அப்பாசு பதில் சொல்லி ஜெயிக்கும் கதை. குஜிலிப் பதிப்பாளர்கள் அல்லி அரசாணியோடு மசலாவையும் கிஸ்ஸா கதைகளையும் அச்சடித்தார்கள். அவர்களுக்கு மதம் பார்க்க நேரமில்லை.

இவை குழந்தைப் புத்தகங்கள் அல்ல என்பதைத்தான் அழுத்திச் சொல்லவேண்டும். நல்லதங்காள் பசி தாங்காமல் ஏழு குழந்தைகளையும் ஒவ்வொன்றாகக் கிணற்றில் போடுகிறாள். தப்பி ஓடும் மூத்தவனையும் பிடித்து இழுத்து வருகிறாள். இதைத் திண்ணையில் ஒருவர் ராகம் போட்டுப் படிக்க, சுற்றி உட்கார்ந்து அழுதவர்கள் பெரியவர்கள். பஞ்சத்தை உடம்பால் அறிந்தவர்கள். 1963இல் அமெரிக்காவில் எட்வர்ட் கோரி, அகரவரிசைப்படி 26 குழந்தைகள் விதவிதமாகச் சாகும் ஒரு சின்னப் படப்புத்தகம் போட்டார். பதிப்பாளர் எடுக்கத் தயங்கியதையெல்லாம் வெளியிடத் தானே ஒரு சிறு பதிப்பகமும் வைத்துக்கொண்டார். அங்கே அது விசித்திர மனிதர் ஒருவரின் குறும்பு, ரசிகர்கள் சேகரிக்கும் பண்டம். மெக்ஸிகோவில் ஹோசே குவாதலூபே போசாதா (1852–1913) வரைந்த எலும்புக்கூடுகள் பெரிய எழுத்துக்கு நெருங்கிய உறவு. அவையும் சல்லிக்காசுத் தாளில், தெருவில், கொலையும் கேலியுமாக விற்றவை. போசாதாவை உலகம் மேதை என்றது. நம் கட்டை செதுக்கியவர்களின் பெயரைக் கூடப் பதிப்பாளர்கள் அச்சிடவில்லை.

1947 ஜூலையில் சிறுவர் பத்திரிகையான அம்புலிமாமா வந்தபோது வேதாளம் குளித்து, தலை சீவி, பள்ளிக்கூடம் போகத் தொடங்கியது. தோளில் பிணம், கையில் உருவிய வாள், பின்னால் மண்டையோடு சிதறிய மயானம் என்று ஓவியர் சங்கர் தீட்டிய படம் இந்தியா முழுக்கப் பல மொழிப் பிள்ளைகளின் மனதில் பதிந்துவிட்டது. 2020இல் அவர் மறைந்தபோது எல்லோரும் நினைத்துக்கொண்டது அந்தப் படத்தைத்தான். அழகான படம், சந்தேகமில்லை. ஆனால் பத்திரிகை வேதாளம் மாதாமாதம் சொன்னது பெரும்பாலும் புதிதாகக் கட்டிய நீதிக்கதைகள். ஒரு தகப்பனும் மகனும் வேறொரு தாயையும் மகளையும் மணக்க, தகப்பனுக்கு மகளும் மகனுக்குத் தாயும் வாய்த்தால் பிறக்கும் பிள்ளைகளுக்கு என்ன உறவுமுறை என்று பழைய வேதாளம் கடைசியாகக் கேட்கும் கேள்வி அங்கே நுழைய முடியாது. ராஜா வாயடைத்துப்போன ஒரே கேள்வி அது.

சிவகாசியிலிருந்து 1972இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு வந்தது. மாயம் மின்சாரத்துக்கு மாறியது. பேய் மாதநாவல் அட்டைகளுக்குப் போய்ச் சேர்ந்தது. ரத்தம் சொட்டும் கத்தி, கண் விரிந்த பெண், ஓரத்தில் எலும்புக்கை என்று டீக்கடை வாசலில் கிளிப் போட்டுத் தொங்கியது.

அந்த அட்டைகளை வரைந்தவர்களில் ஒருவர் ஷியாம். சென்னையின் சிறு பதிப்பகமான பிளாஃப்ட், 2008இல் தமிழ் மாதநாவல் உலகத்தை ஆங்கிலத்தில் தொகுத்துப் பேர் வாங்கியது. 2010இல் அதே பதிப்பகம் ரஷ்மி ரூத் தேவதாசன் எழுத, ஷியாம் வரைய, ஆங்கிலமும் தமிழும் சேர்ந்த ஒரு படப்புத்தகம் போட்டது. பக்கத்துக்குப் பக்கம் ஒரு தமிழ்ப் பெண், அவளோடு ஒரு கோரப் பிராணி, இருவருக்கும் காதல். பிராணிக்குப் பல்லும் கொம்பும் செதிலும் குறைவில்லை. பெண்ணுக்குப் பயம் மட்டும் இல்லை. அல்லி அரசாணி மாலையில் பாம்பாகப் படுக்கைக்கு வந்த அர்ச்சுனனைச் சமாளித்த அல்லியின் பேத்திகள் என்று சொல்லலாம். ஒரு வித்தியாசம் உண்டு. இந்தப் புத்தகம் நல்ல தாளில், புத்தகக் கடையில், ஆங்கிலம் படிப்பவர்களை நம்பி வந்தது. ரஷ்மியின் பெயரும் ஷியாமின் பெயரும் அதில் அச்சாகியிருந்தன.