கட்டாய ஊசியும் மக்கள் எதிர்ப்பும்

2021 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 9 ஆந் திகதி உரோமாபுரியிலே ஒரு கூட்டம், இத்தாலியின் மிகப் பெரிய தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைமையகத்தினுள் கதவை உடைத்துப் புகுந்து, மேசை நாற்காலிகளையும் கோவைகளையும் சிதறடித்தது. கொவிட் நோய்க்குரிய தடுப்பூசி ஏற்றியவர், அல்லது அந்நோயிலிருந்து மீண்டவர், அல்லது நோயில்லை எனப் பரிசோதனையால் நிரூபித்தவர் மட்டுமே வேலைத்தலத்துள் நுழையலாம் என்னும் அரசாணையை எதிர்த்துத் திரண்ட கூட்டம் அது. அதனை அவ்விடத்துக்கு வழிநடத்தியோர் 'போர்சா நுவோவா' என்னும் பாசிசக் கட்சியினர். கட்சித் தலைவர்கள் மறுநாளே கைது செய்யப்பட்டனர். முசோலினியின் கருஞ்சட்டைப் படையினர் 1921 ஆம் ஆண்டளவில் தொழிலாளர் மன்றங்களைத் தீயிட்டுக் கொளுத்திய வரலாற்றை இத்தாலியத் தொழிலாளி மறந்தவனல்லன். ஒரு வாரங் கழித்து அதே நகரில் பெருந்தொகையான மக்கள் திரண்டு பாசிசத்துக்கெதிராகக் குரல் எழுப்பினர்.

இஃது ஒரு காட்சி. மற்றொரு காட்சி அதே மாதம் 15 ஆந் திகதி, ஆணை நடைமுறைக்கு வந்த அன்றே, திரியெஸ்தே துறைமுகத்தில் தோன்றியது. அங்கே வாயிலை மறித்து நின்றோர் பாசிசக் குண்டர்களல்லர். கப்பலிற் சுமை ஏற்றி இறக்கும் தொழிலாளர். ஊசி ஏற்றாத தொழிலாளி ஒவ்வொரு 48 மணித்தியாலத்துக்கும் ஒரு முறை பரிசோதனை செய்ய வேண்டும். ஒரு பரிசோதனைக்கு 15 யூரோ. அதனை அவன் தன் கூலியிலிருந்தே கொடுக்க வேண்டும். துறைமுகத் தொழிலாளருக்கு மட்டும் பரிசோதனையை இலவசமாக்கலாம் என்ற பேச்சு எழுந்தபோது, எல்லாத் தொழிலாளருக்கும் நீக்கப்படாத ஆணையிலிருந்து தமக்கு மட்டும் விலக்கு வேண்டாம் என்றனர் அவர்கள். 18 ஆந் திகதி பொலிசார் நீர்ப்பீரங்கியும் கண்ணீர்ப் புகையுங் கொண்டு அவர்களைக் கலைத்தனர்.

தொழிற்சங்கத்தைச் சூறையாடிய கும்பலும் துறைமுக வாயிலில் நின்ற தொழிலாளியும் ஒரே கொடியின் கீழ் வந்தமை எங்ஙனம்? ஐரோப்பியப் பத்திரிகைகளிற் பல இக்கேள்வியை எழுப்பாமலே விடை கூறின. அறியாமையின் வெளிப்பாடு என்றன சில. தனிமனித சுதந்திரத்தின் எழுச்சி என்றன வேறு சில. இவ்விரண்டு விடைகளும் நமக்கு நிறைவளிப்பனவல்ல. ஊசி மீதான எதிர்ப்பு ஐரோப்பாவுக்குப் புதியதன்று. அதற்கு நூற்றெழுபது ஆண்டு வரலாறு உண்டு. அந்த வரலாறு தொடங்கிய இடம் இங்கிலாந்து.

பாடசாலைகளில் நாம் கற்பிக்கும் ஜென்னரின் கதை 1796 ஆம் ஆண்டிலே தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகின்றது. பாற்காரப் பெண்ணின் கையிலிருந்த பசுவம்மைக் கொப்புளத்திலிருந்து நீரெடுத்துத் தோட்டக்காரனின் எட்டு வயது மகனுக்குக் குத்தினார். உலகம் பெரியம்மையினின்று மீட்சி பெற்றது. இடையில் நடந்ததென்ன? 1840 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஏழைகளுக்கு இலவசமாக அம்மைப்பால் குத்தும் பொறுப்பு ஏற்படுத்தப்பட்டது. நல்ல காரியமே. ஆனால் அப்பொறுப்பு எவரிடம் ஒப்படைக்கப்பட்டது? ஏழைகள் சட்டத்தை நிருவகித்த காவலர் சபைகளிடம்! 1834 இன் பின்னர், உதவி கேட்டு வந்த ஏழையை வேலைச்சாலை என்னும் பெயரிலமைந்த சிறையினுள் தள்ளி, கணவனை மனைவியிடமிருந்தும் பிள்ளையைத் தாயிடமிருந்தும் பிரித்து வைத்த அதே சபைகளிடம். பசியால் வாடினும் அவ்வாசலை மிதிப்பதில்லை என வைராக்கியம் பூண்டிருந்த தொழிலாளி, தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்தச் சபையின் வைத்தியரிடம் செல்ல வேண்டியவனானான். அம்மைப்பால் குத்துவித்தல் ஏழை நிவாரணம் பெற்றதாகக் கருதப்படமாட்டாது எனப் பாராளுமன்றம் மறு ஆண்டே திருத்தம் கொண்டுவந்தது. சட்டப் புத்தகத்திலே திருத்தம் எழுதலாம். மக்கள் மனத்திலே அது எழுதப்படவில்லை.

1853 இல் கட்டாயம் வந்தது. பிறந்த மூன்று மாதத்துள் குழந்தைக்கு அம்மைப்பால் குத்துவிக்காத பெற்றோருக்கு ஒரு பவுண் வரை தண்டம். ஒரு விவசாயக் கூலி முழு வாரமும் உழைத்தாலும் பெறாத தொகை அது. 1867 ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் ஒரு படி சென்றது. ஒருமுறை தண்டம் கட்டினால் விவகாரம் தீர்ந்துவிடாது. பிள்ளைக்குப் பதினான்கு வயது நிரம்பும் வரை மீண்டும் மீண்டும் தண்டம் விதிக்கலாம். கையிற் பணமுள்ளவன் தண்டத்தைக் கட்டிவிட்டுத் தன் கொள்கையைக் காத்துக்கொண்டான். இல்லாதவன் வீட்டுத் தட்டுமுட்டுச் சாமான்கள் பறிமுதலாகி ஏலத்துக்குப் போயின. அதுவும் போதாதவிடத்து அவன் சிறை சென்றான்.

குத்திய முறையையும் இங்கு கூறாமல் விடலாகாது. ஒரு குழந்தையின் கையிலெழுந்த கொப்புளத்து நீரையே மறு குழந்தைக்குக் குத்தினர். ஆதலால் எட்டாம் நாள் தாய் தன் குழந்தையை மீண்டும் கொண்டுவர வேண்டும். அதன் கொப்புளத்தைக் கீறி நீரெடுத்து வரிசையில் நிற்கும் ஏனைய குழந்தைகளுக்குக் குத்துவார்கள். இதற்கு உடன்படாத தாய்க்கும் தண்டம் உண்டு என 1871 ஆம் ஆண்டுச் சட்டம் விதித்தது. செல்வர் வீட்டுக் குழந்தைக்கோ தனி வைத்தியர் வீடு தேடி வந்து குத்துவார். அக்குழந்தையின் கையை அரசாங்கம் கேட்பதில்லை. நீர் எடுக்கப்படும் குழந்தைக்கு மேகநோய் இருப்பின் அது பெறும் குழந்தைக்கும் பரவலாம் என்ற அச்சம் வெறுங் கற்பனையன்று. அவ்வாறு சில நிகழ்ந்தும் இருந்தன. அம்முறை இங்கிலாந்தில் 1898 இலேதான் கைவிடப்பட்டது. தன் குழந்தையின் உடல் ஏழைகளின் பொதுச்சொத்தாகவும் செல்வரின் குழந்தை தனிச்சொத்தாகவும் நடத்தப்படுவதை ஒரு தாய் கண்ணாரக் கண்டாள். அவளை அறியாமை உடையவள் எனக் கூறிச் சென்றுவிடுவது சுலபம்.

எதிர்ப்பு 1867 இன் பின் சங்கங்களாக உருப்பெற்றது. பறிமுதலான சாமான்கள் ஏலத்துக்கு வந்தால் அயலார் திரண்டு ஏலத்தைக் குழப்பினர். லெஸ்ரர் நகரம் இவ்வியக்கத்தின் கோட்டையாயிற்று. காலுறை பின்னுவோரும் பாதணி தைப்போரும் நிறைந்த ஊர் அது. 1869 இல் அங்கே இரண்டு வழக்குகளே தொடரப்பட்டன. 1881 இல் அத்தொகை ஆயிரத்தைத் தாண்டிற்று. 1885 மார்ச் 23 ஆந் திகதி இங்கிலாந்தின் பல பாகங்களிலிருந்தும் வந்தோர் அந்நகர வீதிகளில் அணிவகுத்தனர். எண்பதினாயிரம் முதல் ஓரிலட்சம் பேர் வரை எனக் கணித்தனர். அவர்கள் நடுவே சிறுகுழந்தையின் பிணப்பெட்டி ஒன்றும் ஜென்னரின் உருவப் பொம்மையும் சென்றன. அடுத்த ஆண்டு நடந்த காவலர் சபைத் தேர்தலில் கட்டாயத்தை எதிர்த்தோர் பெரும்பான்மை பெற, லெஸ்ரரில் வழக்குகள் நின்றன.

இவ்வளவுங் கூறி, எதிர்த்தோர் பக்கமே நியாயம் முழுவதும் இருந்ததெனக் கொள்வோமாயின் அது வரலாற்றுக்கு இழைக்கும் துரோகமாகும். கட்டாயத்தை எதிர்க்கப் புறப்பட்டோர் வெகு விரைவில் அம்மைப்பாலையே எதிர்த்தனர். டார்வினுடன் சமகாலத்தில் இயற்கைத் தேர்வுக் கொள்கையைக் கண்ட அல்பிரட் ரசல் வொலஸ், நிலச் சீர்திருத்தத்துக்காகவும் சமதர்மத்துக்காகவும் உழைத்த பெருமகன், புள்ளிவிபரங்களை அடுக்கி அம்மைப்பால் பயனற்றது என எழுதினார். பேர்னாட் ஷாவும் அப்பாதையிற் சென்றார். 1871, 1872 ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்திலும் வேல்சிலும் நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்டோரைப் பெரியம்மை கொன்றபோது, கட்டாயச் சட்டம் இருந்தும் இத்தனை சாவா என அவ்வணியினர் கேட்டனர். குழந்தைப் பருவத்திற் பெற்ற பாதுகாப்பு வயதேறத் தேய்ந்துவிடும், மீண்டும் குத்துவித்தல் அவசியம் என்பதே அதற்கான விடை. அவ்விடையை அவர்கள் கேட்கவில்லை. குளோஸ்ரர் நகரமும் குழந்தைகளுக்குக் குத்துவிப்பதைக் கைவிட்ட நகரங்களுள் ஒன்று. 1895 இல் அங்கு புகுந்த அம்மை அடுத்த ஆண்டில் நானூறுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. அவர்களுட் பலர் சின்னஞ்சிறு குழந்தைகள். அப்பிணப்பெட்டிகளை எவரும் ஊர்வலத்திற் சுமக்கவில்லை.

அங்ஙனமாயின் லெஸ்ரர் ஏன் தப்பியது? அந்நகரம் எதிர்த்ததோடு நின்றுவிடவில்லை என்பதே காரணம். நோய் கண்டவுடன் வைத்தியர் நகரசபைக்கு அறிவித்தார், நோயாளி தனி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்லப்பட்டார், அவரோடு பழகியோர் இரு வாரமளவில் தனிமைப்படுத்தப்பட்டனர், வீடு துப்புரவாக்கப்பட்டது. தனித்திருந்த நாட்களில் இழந்த கூலிக்கு நகரசபை ஈடு கொடுத்தது. இந்த இறுதி அம்சமே நமக்கு முக்கியமானது. அடுப்பெரியாத வீட்டுக்குள் ஒருவனைப் பூட்டி வைக்க எந்தச் சட்டத்தாலும் இயலாது. இன்னொன்றையும் கூற வேண்டும்: லெஸ்ரர் ஆஸ்பத்திரியில் அம்மை நோயாளரைப் பராமரித்த பணியாளர் பெரும்பாலோர் அம்மைப்பால் குத்தப்பெற்றவர்களே. ஊசியை நிராகரித்த நகரம் ஊசியின் வேலிக்குள்ளேதான் நின்றது. பிற்காலத்தில், 1960 களின் இறுதி தொட்டு, நோயாளியைத் தேடிக் கண்டு அவரைச் சூழவுள்ளோருக்கு ஊசி போடும் முறையினால் உலக சுகாதார நிறுவனம் பெரியம்மையை ஒழித்தது. 1980 இல் அவ்வொழிப்பு அறிவிக்கப்பட்டது. அம்முறையிலே லெஸ்ரரின் பாதியும் ஜென்னரின் பாதியும் உண்டு.

ஏழாண்டு விசாரணை நடத்திய அரச ஆணைக்குழுவின் அறிக்கைக்குப் பின் 1898 இல் 'மனச்சாட்சிக் காரணமாக மறுப்போர்' என்ற சொற்றொடர் ஆங்கிலச் சட்டத்துள் நுழைந்தது. பின்னாளில் யுத்தத்தை மறுத்தோருக்கு வழங்கிய பெயர் முதலிற் பிறந்தது இங்கேதான். 1907 இல் விலக்குப் பெறுதல் மேலும் எளிதாக்கப்பட்டது. கட்டாயம் முற்றாக நீங்கிய நாள் 1948 யூலை 5. செல்வர் வறியர் என்ற வேறுபாடின்றி யாவருக்கும் இலவச வைத்தியம் அளிக்கும் தேசிய சுகாதார சேவை தொடங்கிய நாளும் அதுவே.

நிற்க. 2021 இன் ஐரோப்பா விக்ரோறியா காலத்து இங்கிலாந்து அன்று. கை மாற்றிக் கை குத்தும் கொடுமை இல்லை. ஊசியின் பயன் ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டது. அது பல இலட்சம் உயிர்களைக் காத்தது. தொற்றுநோய் ஒருவனது சொந்த விவகாரமன்று. என் உடல், என் விருப்பம் என்று கூறி அயலானின் மூச்சில் நோயைக் கலக்கும் உரிமையைச் சுதந்திரம் என நாம் ஏற்பதற்கில்லை. ஆயினும் பழைய வடுக்கள் புதிய உடலிலே தெரிந்தன.

ஒஸ்திரியாவைப் பார்ப்போம். 2021 நவம்பரில் ஊசி ஏற்றாதோரை மட்டும் வீட்டுக்குள் முடக்கும் ஆணை பிறந்தது. சில நாளில் வளர்ந்தோர் அனைவருக்கும் ஊசி கட்டாயம் என்ற அறிவிப்பும் வந்தது. வியன்னா வீதிகளில் ஏறத்தாழ நாற்பதினாயிரம் பேர் திரண்டனர். 2022 பெப்ரவரி 5 இல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தண்டம் 3,600 யூரோ வரை. மார்ச் 9 இல் அது நிறுத்திவைக்கப்பட்டது. ஜூன் மாதத்தில் அதனை நீக்குவதாக அரசு அறிவித்தது. ஒருவரிடமிருந்தும் ஒரு சதமேனும் அறவிடப்படவில்லை. ஆனால் அரசியல் அறுவடை வேறொருவருக்குப் போய்ச் சேர்ந்தது. பாராளுமன்றத்திலே சமூக ஜனநாயகவாதிகளும் பசுமைக் கட்சியினரும் சட்டத்துக்கு ஆதரவளிக்க, கட்சியாக நின்று முற்றாக எதிர்த்தது சுதந்திரக் கட்சி ஒன்றே. முன்னாள் நாஸி எஸ்.எஸ். அதிகாரி ஒருவரை முதற்றலைவராகக் கொண்டு 1956 இல் உதித்த கட்சி அது. 2024 செப்ரெம்பர் தேர்தலில் ஏறத்தாழ 29 வீத வாக்குகளுடன் அது முதலிடம் பெற்றது. அவ்வெற்றிக்கு வேறு காரணங்களும் உண்டு. எனினும் தொழிலாளியின் சினத்தைக் கேட்க இடதுசாரிகள் வராத வெளியிலே அது காலூன்றிக்கொண்டதை மறைப்பதற்கில்லை.

அவர்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி கையருகே கிடந்தது. இந்தியாவும் தென்னாபிரிக்காவும் 2020 ஒக்டோபரில், தடுப்பூசிகள் மீதான காப்புரிமையை நோய்க்காலம் முடியும்வரை நிறுத்திவைக்குமாறு உலக வர்த்தக நிறுவனத்தில் கோரின. தம் மக்களை ஊசிக்கு நிர்ப்பந்தித்த அதே ஐரோப்பிய அரசுகள் அக்கோரிக்கையை எதிர்த்து நின்றன. 375 மில்லியன் யூரோ ஜேர்மன் பொதுப்பணம் பெற்று வளர்ந்த ஆராய்ச்சியிற் பிறந்த ஊசியை விற்று, பைசர் நிறுவனம் 2021 இல் மட்டும் ஏறத்தாழ 37 பில்லியன் டொலர் ஈட்டியது. அவ்வாண்டின் நடுப்பகுதியில் நம் நாட்டில் முதலாவது ஊசி பெற்ற ஏறத்தாழ ஆறு இலட்சம் பேர் இரண்டாவது ஊசிக்கு மருந்தின்றிக் காத்திருந்ததை வாசகர் அறிவர். குடிமகனின் உடலுக்குக் கட்டாயம். கம்பனியின் உடைமைக்கு விலக்கு!

பிரான்சிலே 2020 இன் வசந்த காலத்தில் ஒவ்வோர் இரவும் எட்டு மணிக்குச் சாளரங்களைத் திறந்து மக்கள் தாதியருக்குக் கைதட்டினர். 2021 செப்ரெம்பர் 15 இல் சுகாதார ஊழியருக்கு ஊசி கட்டாயமாக, முதல் நாளிலேயே ஏறத்தாழ மூவாயிரம் பேர் சம்பளமின்றி இடைநிறுத்தப்பட்டனர். நோயாளியின் படுக்கையருகே நிற்பவர் ஊசி ஏற்றுதல் நியாயமே. அவர்களை நம்பவைப்பதற்கு எடுத்த முயற்சி அதே அளவினதா என்பதே நம் கேள்வி. அவர்கள் மீண்டும் வேலைக்குத் திரும்ப 2023 மே வரை காத்திருக்க நேர்ந்தது.

அட்லாந்திக் கடலுக்கப்பால் பிரான்சின் ஆட்சிக்குட்பட்ட குவாதலூப் தீவில் அவ்வாணை நவம்பரில் பொது வேலைநிறுத்தமாக வெடித்தது, வீதித்தடைகள் எழுந்தன, கடைகள் எரிந்தன, பாரிஸ் விசேட பொலிஸ் படைகளை அனுப்பியது. கறுப்பின மக்களின் மூடநம்பிக்கை எனப் பேசியோரும் இருந்தனர். அத்தீவிலும் அயலிலுள்ள மார்த்தினிக்கிலும் வாழைத்தோட்டங்களுக்குக் குளோர்டெக்கோன் என்னும் பூச்சிகொல்லி தெளிக்கப்பட்டது. அது புற்றுநோய் விளைக்கலாம் என 1979 இலேயே எச்சரிக்கப்பட்டது. பிரான்சு அதனை 1990 இல் தடை செய்தது. ஆனால் தோட்ட முதலாளிகளின் வேண்டுகோளுக்கிணங்கி அத்தீவுகளில் மட்டும் 1993 வரை அனுமதித்தது. இன்று அங்குள்ள வளர்ந்தோருள் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேற்பட்டோரின் குருதியில் அந்நஞ்சு காணப்படுகின்றது. அரசே முதற் பொறுப்பாளி என்று பிரெஞ்சுப் பாராளுமன்ற விசாரணைக் குழு 2019 இல் அறிக்கையிட்டது. அதே அரசின் வைத்தியரே 2021 இல் ஊசியுடன் வந்து, இதனால் உமக்குத் தீங்கில்லை, எம்மை நம்புக என்றார். நஞ்சூட்டியமைக்காகத் தொடரப்பட்ட குற்றவியல் வழக்கை, நடந்தது ஒரு சுகாதார அநீதியே என ஒப்புக்கொண்டபடியே, பாரிஸ் விசாரணை நீதிபதிகள் 2023 ஜனவரியில் எவர்மீதும் குற்றஞ்சாட்டாது முடித்துவைத்தனர்.