வேகம் குறைஞ்சா படகு ஏன் பேச்சு கேக்க மாட்டேங்குது?

ஏரியில ஒரு படகு கரைக்கு வருதுன்னு வெச்சுக்கோங்க. துறைக்கு இன்னும் பத்தடிதான். ஓட்டுறவர் பயந்துபோய் நியூட்ரல் போட்டுட்டு ஸ்டீரிங்கை முழுசாத் திருப்புறார். படகு திரும்பல. காத்து தள்ளுற பக்கம் போகுது, அங்கே குழந்தைங்க நீந்திட்டு இருக்காங்க. கார்ல வேகத்தைக் குறைச்சா கன்ட்ரோல் கூடும். படகுல அது கையை விட்டுப் போயிடும். ஏன்?

கார் டயர் ரோட்டைப் பிடிச்சுக்குது. படகுக்கு அப்படிப் பிடிமானம் இல்லை. பின்னாடி இருக்கிற சுக்கான் மேல தண்ணி ஓடினாத்தான் அது படகைத் திருப்பும். ஓட்டம் நின்னா அது வெறும் பலகை.

இது பழைய தலைவலி. 19ஆம் நூற்றாண்டுல மிசிசிப்பி ஆத்துல ஓடின நீராவிப் படகுகள் பலதுல, ரெண்டு பக்கமும் பெரிய சக்கரம், ஒவ்வொண்ணுக்கும் தனி இன்ஜின். ஒண்ணை முன்னாடியும் இன்னொண்ணைப் பின்னாடியும் சுத்தினா, படகு நின்ன இடத்துலேயே திரும்பிடும்.

1909-ல மில்வாக்கியில ஓலே எவின்ரூட் தன்னோட அவுட்போர்டு மோட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். இந்த வகை மோட்டார்ல தனி சுக்கான் தேவையில்லை, மோட்டாரையே திருப்பினாப் போதும். ஆனா ஒரு சிக்கல். புரொப்பெல்லர் சுத்துற வரைக்கும்தான் திருப்புற சக்தி. நியூட்ரல் போட்டா அதுவும் போச்சு.

அடுத்து 1950களின் தொடக்கம். மினசோட்டாவுல ஆம்ப்ரோஸ் வீரஸ்னு ஒரு விவசாயி. இரும்பு டிரம்களை வரிசையா ஒட்டி ரெண்டு நீளக் குழாயாக்கி, மேல மரத்தளம் போட்டார். பான்டூன் படகுகள் பரவினது இந்த மாதிரி முயற்சியில இருந்துதான். ஆடாது, குடும்பமே உக்காரலாம். ஆனா மெதுவாத் திருப்புறதுக்கு இதைவிட மோசமான வடிவம் கஷ்டம். ரெண்டு நீளக் குழாயும் நேராப் போகத்தான் பார்க்கும். தண்ணிக்குள்ள ஆழமா இறங்காது. மேல இருக்கிற கம்பிவேலியும் கூரையும் பாய்மரம் மாதிரி காத்தை வாங்கும்.

இதுக்கு வந்த தீர்வுகளைப் பார்த்தா, மிசிசிப்பி ஐடியா திரும்ப வருது. ரெண்டு மோட்டாரைத் தள்ளித்தள்ளி மாட்டி, ஒண்ணை ஃபார்வர்டு, ஒண்ணை ரிவர்ஸ். முன்பக்கத்துல சின்ன எலக்ட்ரிக் மோட்டார் வெச்சு மூக்கைப் பக்கவாட்டுல தள்ளுறது இன்னொண்ணு. மோட்டார் பக்கத்துல சின்னத் தகடு மாட்டுறவங்களும் உண்டு. நியூட்ரல்ல படகு நகர்ற வரைக்கும் அந்தத் தகடு தண்ணியைப் பிடிக்கும். இன்னைக்கு ஜாய்ஸ்டிக் வந்திருக்கு. அதுக்குள்ள நடக்கிறதும் இதே கணக்குதான், கம்ப்யூட்டர் போடுது.

காசே செலவில்லாத வழியும் இருக்கு. முதல்ல ஸ்டீரிங்கைத் திருப்பு, அப்புறம் கியரைப் போட்டுச் சின்னதா ஒரு உந்து கொடு, உடனே நியூட்ரல். திருப்பாம உந்தினா, படகு தப்பான திசையில வேகம் எடுத்துடும். நீந்துறவங்க பக்கத்துல இருந்தா எதையும் முயற்சி பண்ணாம இன்ஜினை ஆஃப் பண்ணிடுங்க. புரொப்பெல்லர் ஆளைப் பார்க்காது.

கடைசியா ஒண்ணு. ரெண்டு உடல் இருக்கிற படகை உலகமே 'கேட்டமரன்'னு கூப்பிடுதே, அந்த வார்த்தை நம்ம கட்டுமரத்துல இருந்து போனது. 1697-ல வெளியான பயணநூல்ல வில்லியம் டாம்பியர் அதை எழுதியிருக்கார். கட்டுமரத்துல இருக்கிறவர் துடுப்பால தண்ணியை நேரடியாத் தள்ளுறார். அதனால படகு நின்னிருந்தாலும் திருப்ப முடியும். இத்தனை மெஷினும் தேடினது அந்த ஒரு விஷயத்தைத்தான். தண்ணி வர்றதுக்காகக் காத்திருக்காம, வேண்டிய பக்கம் தள்ளுறது.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.