கருப்பையை நீக்குவதா, காப்பதா?

மாதவிடாயில் மிகுதியாகக் குருதி இழக்கும் பெண்ணுக்கு எந்த அறுவைச் சிகிச்சை சிறந்தது? இவ்வினாவின் வரலாற்றில், கருவிகள் மாறியதைக் காட்டிலும் சிறப்பை அளக்கும் அளவுகோல் மாறியதே நம் கருத்துக்குரியது.

தொடக்கத்தில் உயிர் பிழைத்தலே அளவுகோலாக இருந்தது. 1843இல் மான்செஸ்டரில் சார்லஸ் கிளே வயிற்றைத் திறந்து, கட்டியுற்ற கருப்பையை அகற்றினார், நோயாளி பிழைக்கவில்லை. 1853இல் அமெரிக்காவின் லோவல் நகரில் வால்டர் பர்னம் செய்த அறுவையில் நோயாளி பிழைத்தார். மயக்க மருந்தும், 1867இல் ஜோசப் லிஸ்டர் வெளியிட்ட கிருமித்தடுப்பு முறையும், பின்னர்க் குருதியேற்றமும் ஆபத்தைக் குறைத்தன. 20ஆம் நூற்றாண்டில், கட்டி இல்லாத மிகைப்போக்குக்கும் கருப்பை நீக்கம் வழக்கமான தீர்வாயிற்று.

ஆயினும், குருதி வெளிப்படுவது கருப்பையின் உட்படலத்திலிருந்து அன்றோ? அப்படலத்தை மட்டும் அழித்தால் போதாதா? 1981இல் மில்டன் கோல்டுராத் குழுவினர் லேசர் ஒளியால் அதனைச் சுட்டழித்த முறையை வெளியிட்டனர். மின்கம்பி வளையத்தால் படலத்தைச் சீவியெடுத்தலும், வெந்நீர்மம் நிறைந்த பலூனால் சுடுதலும் தொடர்ந்தன. வயிற்றில் வெட்டு இல்லை. விரைவில் வீடு திரும்பலாம். ஆனால், மீண்டும் கருவுற விரும்புவோர்க்கு இம்முறை ஏற்றதன்று.

இரண்டையும் ஒப்பிட, 1994இல் ஸ்காட்லாந்தின் அபெர்டீன் ஆய்வு 204 பெண்களின் பட்டறிவை வெளியிட்டது. படலம் அழிக்கப்பட்டோர் விரைந்து நலமுற்றனர். கருப்பை நீக்கப்பட்டோரிடம் மனநிறைவு சற்று மிகுந்திருந்தது. 2019இல் வெளியான பிரிட்டானிய ஆய்வில் 31 மருத்துவமனைகளின் 660 பெண்கள் பங்கேற்றனர். 15 மாதங்களுக்குப் பின், கருப்பையின் மேற்பகுதியை நுண்துளை வழியே நீக்கிக்கொண்டோருள் 97 விழுக்காட்டினரும், படலம் அழிக்கப்பட்டோருள் 87 விழுக்காட்டினரும் மனநிறைவு தெரிவித்தனர்.

எனின், நீக்கமே வென்றதா? அவ்வாறு முடிவுகட்டுதல் பொருந்தாது. ஒரு மாதவிடாயில் 80 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட இழப்பே மிகை என்பது பழைய வரையறை. 2007இல் பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டி, பெண்ணின் உடல், உள்ள, சமூக வாழ்வைக் குலைக்கும் இழப்பே மிகை என்றது. குருதிப்போக்கு முற்றும் நிற்க வேண்டும் என்பவளுக்கு ஒன்று சிறந்தது. உறுப்பை இழக்க மனமில்லாதவளுக்கு மற்றொன்று. அளவுகோல் மருத்துவர் கையிலிருந்து பெண்ணின் கைக்கு வந்ததே இவ்வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம்.