செங்கற்பட்டில் வளர்ந்த கணிதப் பேராசிரியர்

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மலரில் கணிதப் பேராசிரியர் ஒருவரின் வரலாறு இடம்பெறுவது ஏன் என்று அன்பர்கள் சிலர் வினவக்கூடும். பேராசிரியர் சி. எஸ். சேஷாத்திரி நம் சமுதாயத்தில் பிறந்தவர் அல்லர். ஆயினும் அவர் வேடந்தாங்கலுக்கு ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவிலுள்ள செங்கற்பட்டில் வளர்ந்தவர். தம் வாழ்நாளின் பிற்பகுதியைக் கணிதக் கல்வி நிலையமொன்றை உருவாக்குவதற்கே ஈந்தவர். அந்நிலையம் இன்று நம் மாவட்டத்திலேயே உள்ளது. ஆதலின் அவர் வரலாற்றை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும்.

1932-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் நாள் காஞ்சிபுரத்தில் பிறந்த சேஷாத்திரி, வழக்கறிஞரான தந்தையாரின் இல்லத்திலிருந்து செங்கற்பட்டில் பள்ளிக்கல்வி பெற்றார். பின்னர் சென்னை இலயோலாக் கல்லூரியில் சேர்ந்து 1953-இல் கணித ஆனர்ஸ் பட்டம் பெற்றார். அங்கே பிரான்சு நாட்டினரான இராசீன் பாதிரியார், பாடநூலோடு நில்லாமல், ஐரோப்பாவில் அந்நாளில் வளர்ந்துகொண்டிருந்த புதுக் கணிதத்தையும் மாணவர்க்கு அறிமுகம் செய்துவந்தார். அவரிடம் பயின்ற சேஷாத்திரியும் எம். எஸ். நரசிம்மனும் 1953-இல் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தை அடைந்தனர். இருவரும் 1965-இல் வெளியிட்ட தேற்றம் வடிவியலுக்கும் இயற்கணிதத்திற்கும் பாலமாய் அமைந்தது. பின்னாளில் இயற்பியலாரும் அதனைப் போற்றினர்.

1984-இல் சேஷாத்திரி சென்னைக்குத் திரும்பினார். 1989-இல் ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையின் ஆதரவில் அவர் தொடங்கிய கணிதப் பள்ளியே இன்றைய சென்னைக் கணிதவியல் நிலையமாகும். ஆராய்ச்சியாளர் ஒருபுறமும் ஆசிரியர் மறுபுறமும் பிரிந்து நிற்றல் நாட்டுக்கு நலம் பயவாது என்பது அவர் கொள்கை. அதன்படி 1998-இல் அங்கே இளங்கலை வகுப்புகள் தொடங்கப்பெற்றன. ஆராய்ச்சி செய்வோரே பள்ளிப்படிப்பு முடித்துவந்த மாணவர்க்குப் பாடம் நடத்தினர். பட்டம் வழங்கும் உரிமை அந்நாளில் நிலையத்திற்கு இல்லாமையால், மத்தியப் பிரதேச போஜ் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் வாயிலாகப் பட்டம் அளிக்கப்பெற்றது. 2005-இல் நிலையம் சிறுசேரிக்கு இடம்பெயர்ந்தது. 2006-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதியும் கிட்டியது. 1988-இல் இலண்டன் இராயல் சொசைட்டியின் உறுப்பினராகவும், 2009-இல் பத்ம பூஷண் விருதாளராகவும் சிறப்புற்ற பேராசிரியர் 2020 ஜூலை 17 அன்று மறைந்தார்.

ஈண்டு நம்மவர் வரலாற்றையும் உடன்வைத்து நோக்குதல் தகும். வேடந்தாங்கல் ஏரியின் பறவைகளைச் சுடலாகாது என்னும் பாதுகாப்பைக் கலெக்டர் லயனல் பிளேஸ் 1798-இலேயே வழங்கினார். அதே மாவட்டத்துச் சேரி மக்களின் அவலநிலையை அரசுக்கு விரித்துரைத்த கலெக்டர் டிரமன்ஹீரின் அறிக்கையோ 1891-இல்தான் வெளிவந்தது. மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசனார் கோயமுத்தூரில் கல்வி பயின்றார். அங்கே தம் சாதி வெளிப்பட்டுவிடுமோ என அஞ்சி, உடன் பயின்றோரிடம் நெருங்காது ஒதுங்கியிருந்ததை 1939-இல் வெளியான தம் வாழ்க்கை வரலாற்றில் குறித்துள்ளார். இரு சிறுவர்களும் ஒரே மாவட்டத்தின் மைந்தர். ஒருவர்க்கு வகுப்பறை வீட்டின் நீட்சியாயிற்று. மற்றவர்க்கோ அச்சம் உறையும் இடமாயிற்று. இருவர்க்கும் இடைப்பட்ட வேறுபாடு அறிவால் வந்ததன்று.

கணிதத்திற்கு ஆய்வுக்கூடம் வேண்டா, விலையுயர்ந்த கருவியும் வேண்டா என்பர். அது உண்மையே. ஆயினும் அமர்ந்து சிந்திக்க ஓரிடமும், அஞ்சாது வினவ ஓர் ஆசிரியரும், மேலே செல்லும் வழியைக் காட்ட ஒருவரும் வேண்டும். சேஷாத்திரிக்கு இம்மூன்றும் வாய்த்தன. தாம் பெற்றதை அவர் பிறர்க்கென நிறுவிச் சென்றார் என்பதே அவர் பெருமை.

சிறுசேரி நிலையத்தில் பெரும்பாலும் நுழைவுத்தேர்வு வாயிலாக மாணவர் சேர்க்கப்படுகின்றனர். நம் ஊர்களில் அத்தேர்வின் பெயரையே கேளாத பிள்ளைகள் பலர். ஒன்பதாம் வகுப்பிலேயே கணக்கில் ஆர்வமுள்ள சிறாரைக் கண்டறிந்து, பாடநூலுக்கு அப்பாலும் பயிற்சி தந்து, விண்ணப்பம் அனுப்பும் காலத்தில் உடனிருந்து உதவுதல் நம் சங்கத்தின் அடுத்த 25 ஆண்டுப் பணியுள் முதன்மையானதாகுக. நம் மாவட்டத்தில் எழுந்துள்ள அக்கல்விச்சாலையில் நம் சேரிப் பிள்ளைகள் மாணவராய்ப் புகுந்து, பேராசிரியராய் நிற்கும் நாளே இவ்விழாவின் பயன் நிறைவுறும் நாளாகும்.