கள்ளும் காயமும்

மலாயாத் தோட்டங்களில் கள்ளுக்கடைக்கு இடந்தந்தது நிருவாகம். குடித்தவனைப் பழித்ததும் அதுவே. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூடுதலும் அவர்தம் கோரிக்கைகளுள் ஒன்றாயிற்று.

1952ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம், லாரி ஓட்டுநர் இழந்த கைகால்களுக்கும் பணக் கணக்குப் போட்டது. போதையால் நேர்ந்த காயமெனின் இழப்பீட்டை மறுக்கவும் இடம் வைத்தது. உறுப்பிழந்தவன் மீண்டும் உழைக்கும் வழியை அது காட்டவில்லை.

அவ்வழியைச் சொக்சோ பின்னர்த் திறந்தது. 2007இல் பணிக்குத் திரும்பும் திட்டம் தோன்றியது; 2014இல் மலாக்காவில் துன் அப்துல் ரசாக் மறுவாழ்வு மையம் திறக்கப்பெற்றது. 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டமும் அவர்தம் வேலை உரிமையை ஏற்றது.

இன்று பேருந்து ஓட்டுநர்களின் சிறுநீர் சோதிக்கப்படுகிறது. பயணியின் உயிருக்கு அது காவலே. ஆயினும், தவறியவனை விலக்குவதோடு விதி நின்றுவிடலாகாது. திருந்தியவனை மீட்பதும் அதன் கடனாகும்.