கரிமக் குறைப்புத் திட்டம் (ஐக்கிய இராச்சிய அரசுக் கொள்முதல்)

கரிமக் குறைப்புத் திட்டம் என்பது, ஐக்கிய இராச்சியத்தில் அரசின் பெரிய ஒப்பந்தங்களுக்குப் போட்டியிடும் நிறுவனம் தன் செயற்பாடுகளால் வெளியேறும் பசுமைக்குடில் வாயுக்களின் அளவையும், அவற்றைக் குறைக்க எடுக்கும் நடவடிக்கைகளையும் எழுதி வெளியிடும் ஆவணம் ஆகும். ஆண்டொன்றுக்கு 50 இலட்சம் பவுண்டுக்கு மேற்பட்ட நடுவண் அரசு ஒப்பந்தங்களில் இது 2021 செப்டம்பர் 30 முதல் கேட்கப்பட்டு வருகிறது. இதனைத் தராத நிறுவனம், விலை எவ்வளவு குறைவாகக் குறித்திருந்தாலும், தேர்வுக் கட்டத்திலேயே விலக்கப்படலாம். உமிழ்வின் அளவுக்கு இங்கு மதிப்பெண் கிடையாது. திட்டம் விதிப்படி உள்ளதா இல்லையா என்பது மட்டுமே பார்க்கப்படுகிறது. எனவே மூன்று வண்டிகள் வைத்திருக்கும் சிறு நிறுவனமும் பன்னாட்டு நிறுவனமும் இக்கட்டத்தில் ஒரே நிலையில் நிற்கின்றன.

பின்னணி

ஐக்கிய இராச்சியத்தின் காலநிலை மாற்றச் சட்டம் 2008 இல் இயற்றப்பட்டது. 2050 ஆம் ஆண்டுக்குள் நிகர உமிழ்வைச் சுழியமாக்க வேண்டும் என்னும் இலக்கு 2019 இல் செய்யப்பட்ட திருத்தத்தின் மூலம் அதில் சேர்க்கப்பட்டது. இவ்விலக்கை அரசின் கொள்முதலுடன் இணைக்கும் 06/21 எண் கொண்ட கொள்கைக் குறிப்பு 2021 சூனில் வெளியானது. புதிய கொள்முதல் சட்டம் 2025 பெப்ரவரி 24 அன்று நடைமுறைக்கு வந்தபோது 006 எண் கொண்ட குறிப்பு அதன் இடத்தைப் பெற்றது. அடிப்படைத் தேவைகள் மாறவில்லை.

50 இலட்சம் பவுண்டு என்னும் எல்லையைப் பார்த்து, இது தமக்குரியதன்று எனச் சிறு நிறுவனங்கள் விலகிவிடுவதுண்டு. அது முழுதும் சரியன்று. பெரிய ஒப்பந்தக்காரர் தமக்குக் கீழ் பணி செய்யும் துணை ஒப்பந்தக்காரர்களிடமும் இதே தரவுகளைக் கேட்கின்றனர். மேலும் இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை, 2023 ஏப்ரலில் தன் பெரிய ஒப்பந்தங்களுக்கு இத்திட்டத்தைக் கட்டாயமாக்கி, 2024 ஏப்ரல் முதல் சிறிய கொள்முதல்களுக்கும் அளவுக்கேற்ற வடிவில் விரிவாக்கியது.

உள்ளடக்கம்

2050 அல்லது அதற்கு முன் நிகர சுழியத்தை அடைவதாக நிறுவனம் உறுதி கூற வேண்டும். ஒப்பீட்டுக்கான அடிப்படை ஆண்டின் உமிழ்வும் அண்மைய ஆண்டின் உமிழ்வும் கரியமில வாயுச் சமானத்தில் தரப்படும். உமிழ்வுகள் மூன்று வீச்சுகளாகப் பிரிக்கப்படுகின்றன. நிறுவனமே எரிக்கும் எரிபொருள் வீச்சு 1. விலைக்கு வாங்கும் மின்சாரம் வீச்சு 2. ஏனைய மறைமுக உமிழ்வுகள் வீச்சு 3. மூன்றாவதில் மொத்தம் 15 வகைகள் உண்டு. எனினும் இத்திட்டம் ஐந்தை மட்டுமே கேட்கிறது: உள்வரும் சரக்குப் போக்குவரத்து, வெளிச்செல்லும் சரக்குப் போக்குவரத்து, கழிவு, அலுவல் பயணம், பணியாளர் வேலைக்கு வந்து செல்லும் பயணம். வாங்கும் மூலப்பொருட்களின் உமிழ்வு இந்த ஐந்தில் இல்லாதது சிறு நிறுவனங்களுக்குப் பெரும் நிம்மதி. வழங்குநர்களிடம் தரவு திரட்டுவதே இக்கணக்கில் மிகக் கடினமான பகுதி.

கணக்கிடும் முறை

பயன்படுத்திய அளவை, ஐக்கிய இராச்சிய அரசு ஆண்டுதோறும் இலவசமாக வெளியிடும் மாற்றுக் காரணியால் பெருக்குவதே முறை. 2024 இன் காரணிகள் ஏறத்தாழ பின்வருமாறு: மின்சாரம் கிலோவாட்-மணிக்கு 0.207 கிலோகிராம், இயற்கை எரிவாயு கிலோவாட்-மணிக்கு 0.183, டீசல் லீட்டருக்கு 2.51.

எடுத்துக்காட்டாக, 15 பணியாளர்களைக் கொண்ட ஒரு துப்புரவு நிறுவனம் ஓராண்டில் 20,000 கிலோவாட்-மணி மின்சாரமும், 30,000 கிலோவாட்-மணி எரிவாயுவும், வண்டிகளுக்கு 4,000 லீட்டர் டீசலும் பயன்படுத்துவதாகக் கொள்வோம். மின்சாரத்தால் 4.1 தொன், எரிவாயுவால் 5.5 தொன், டீசலால் 10 தொன் உமிழ்வு உண்டாகும். பணியாளர் ஒவ்வொருவரும் நாளொன்றுக்கு 16 கிலோமீட்டர் வீதம் 220 நாட்கள் தனித்தனியே காரில் வந்து சென்றால் தூரம் 52,800 கிலோமீட்டர். கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 0.17 கிலோகிராம் எனக் கொண்டால் மேலும் 9 தொன்.

பிரித்தானியாவில் எரிவாயுக் கட்டணப் பட்டியலும் கிலோவாட்-மணியிலேயே வருவதால் அலகு மாற்றும் வேலைகூட இல்லை. பட்டியல்கள், எரிபொருள் அட்டைக் கணக்கு, பணியாளரிடம் கேட்கும் இரண்டு கேள்விகள் ஆகியவற்றைக் கொண்டு கணக்கின் பெரும்பகுதி முடிந்துவிடும். இதற்கென ஆலோசகரை அமர்த்துவது பல நிறுவனங்களுக்குத் தேவையற்ற செலவே. எங்கு குறைக்க வேண்டும் என்பதையும் இக்கணக்கே காட்டுகிறது. மேற்கண்ட நிறுவனம் அலுவலக விளக்குகளை மாற்றுவதைவிட, பணியிடங்களுக்கு அருகில் வசிப்போரை அங்கங்கே அமர்த்துவதால் கூடுதல் பயன் பெறும்.

தவறும் இடங்கள்

பெரும்பாலும் வடிவம் சார்ந்த குறைகளே தடையாகின்றன. திட்டத்தை இயக்குநர் அல்லது அதற்கு நிகரானவர் கையொப்பமிட்டு ஏற்க வேண்டும். நிறுவனத்தின் இணையத்தளத்தில் வெளியிட வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் புதுப்பிக்க வேண்டும். ஐந்து வகைகளுள் ஒன்று பொருந்தாவிடில் அந்த இடத்தை வெறுமையாக விடாது காரணத்தை எழுதுவதே பாதுகாப்பானது. மரம் நடுவதற்குப் பணம் கொடுத்து உமிழ்வு எண்ணைக் குறைத்துக் காட்டுவது இன்னொரு குறை. பசுமைக்குடில் வாயு நெறிமுறையின்படி ஈடுசெய்தல் தனியாகவே காட்டப்படும், உமிழ்விலிருந்து கழிக்கப்படுவதில்லை.

ஒப்பந்தப்புள்ளி அழைப்பு வந்தபின் திட்டத்தை எழுதத் தொடங்குவோருக்குக் காலம் போதுவதில்லை. ஓராண்டுப் பட்டியல்களைத் தேடி எடுப்பதற்கே சில வாரங்கள் ஆகிவிடும்.

சமூகப் பயன் மதிப்பெண்

கரிமக் குறைப்புத் திட்டத்திலிருந்து வேறான ஒன்று சமூகப் பயன் மதிப்பெண். 2021 சனவரி 1 முதல் நடுவண் அரசு ஒப்பந்தங்களில் மொத்த மதிப்பெண்ணில் குறைந்தது 10 விழுக்காடு இதற்கு ஒதுக்கப்படுகிறது. இங்கு போட்டி உண்டு. உள்ளூர் வேலைவாய்ப்பு, தொழிற்பயிற்சி, சூழல் பாதுகாப்பு முதலியவற்றில் நிறுவனம் தரும் வாக்குறுதிகள் ஒப்பிடப்படுகின்றன. உள்ளூரிலேயே இயங்கும் சிறு நிறுவனம் தன் பலத்தைக் காட்டக்கூடிய இடம் இது. ஆனால் வெற்றி பெற்றபின் அவ்வாக்குறுதிகள் ஒப்பந்தக் கடப்பாடுகள் ஆகின்றன. இரண்டு பயிற்சியாளர்களை மட்டுமே வைத்துக்கொள்ள இயலும் நிறுவனம் பத்து என எழுதினால் பின்னர் அதற்குப் பதில் சொல்ல நேரும்.

விமர்சனங்கள்

மதிப்பெண் இல்லாத காரணத்தால், உண்மையாகவே உமிழ்வைக் குறைத்த நிறுவனமும் அழகாக எழுதிய நிறுவனமும் இத்தேர்வில் சமமாகத் தேறிவிடுகின்றன என்பது ஒரு குறை. ஒரே தரவை வெவ்வேறு கொள்வனவாளர்கள் வெவ்வேறு படிவங்களில் கேட்பது மற்றொன்று. தனித் துறையே வைத்திருக்கும் பெரிய நிறுவனத்துக்கு இது அலுவலக வேலை. உரிமையாளரே கணக்கும் எழுதும் சிறு நிறுவனத்தில் இது இரவு நேரத்துக்குத் தள்ளப்படுகிறது.