வெடிபொருளின்மைச் சான்று

போர்க்களத்திலிருந்து பொறுக்கிச் சேர்த்த எறிகணை, கண்ணிவெடி, தோட்டாக் கூடு முதலியவற்றில் வெடிமருந்து எச்சம் இல்லை என்று சோதித்து எழுதித் தரும் உறுதி. 2004 செப்டம்பர் 30 அன்று உத்தரப் பிரதேசத்தின் சாகிபாபாத் உருக்காலை ஒன்றில், வெளிநாட்டுப் பழைய இரும்போடு வந்த எறிகணைகள் வெடித்துப் பத்துத் தொழிலாளர்கள் மாண்டனர். அதன்பின் உலோகக் கழிவு இறக்குமதிக்குக் கப்பலேற்றும் முன்பே ஆய்வுச் சான்று பெறும் விதி வந்தது. பயன்படுத்தியதோ இல்லையோ, எந்த வடிவிலும் ஆயுதமோ வெடிபொருளோ சரக்கில் இல்லை என்று அந்தச் சான்று சொல்ல வேண்டும். சென்னை, தூத்துக்குடி துறைமுகச் சரக்குக்கும் பொதுவாக இதுவே விதி.

கண்ணால் பார்த்து வெறுங்கூடு என்று முடிவுகட்டக் கூடாது. மூக்கிலுள்ள ஃபியூஸ் கழன்ற எறிகணையை உலுக்கினாலும் ஓசை வராது, டி.என்.டி. என்னும் வெடிமருந்து உள்சுவரில் மெழுகுபோல் உறைந்து ஒட்டியிருக்கும், மரையிடுக்கில் பொடி தங்கியிருக்கும். துருவேறினாலும் மருந்து செத்துவிடாது. பயிற்சி பெற்றவர்கள் அதை எரித்தோ நீராவியால் உருக்கியோ நீக்கி, கூட்டைத் துளையிட்டோ நெடுக அறுத்தோ உட்புறம் தெரியச் செய்வார்கள். ஒருவர் பார்த்ததை மற்றொருவர் மறுபடி பார்த்த பிறகு கையெழுத்திடுவதே சரியான முறை. ஏனெனில் சான்று பொய்த்தால் முதலில் சாவது வியாபாரி அல்ல, சம்மட்டி பிடித்த கூலியாள்.

தருமபுரி போன்ற உள்மாவட்டத்துப் பழைய இரும்புக் கடையில் எறிகணை போன்ற பொருள் தென்பட்டால் தொடாமல் விலகி 112-ஐ அழைக்க வேண்டும். காவல்துறையின் வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவு அதைக் கையாளும்.